படத்தில் இடம்பெறாத செடி: ஜப்பானிய அசகாவோவின் வரலாறு குறித்து

சென்ற ஜனவரியில், தில்லியின் கடுங்குளிர் நாள் ஒன்றில், தாவரவியலில் ஆய்வு செய்யும் தோழி ஒருவர் தம் வளர்ப்பறையில் இருந்த ஒரு செடியைக் காட்டினார். விரல் உயரம்கூட இல்லை. இரண்டு வித்திலைகள், அவற்றுக்கு மேல் மூன்று இலைகள், உச்சியில் செடியைக் காட்டிலும் பெரிதாகத் தோன்றும் ஒரு நீலப் பூ. விளக்கை ஏற்றி அணைக்கும் நேரக்கருவி பழுதாகி, அறை சில நாள்கள் நீண்ட இருளில் கிடந்துவிட்டதாம். கொடியாகப் படர வேண்டியது, படரும் முன்பே பூத்துவிட்டது. இதழ்கள் அடுக்கடுக்காக விரியும் விசித்திர வகை ஒன்றை அவர் வளர்க்கிறார் என்று கேள்விப்பட்டுத்தான் நான் போயிருந்தேன். இதுவோ வேலியோரத்தில் காணும் சாதாரணப் பூ. என் ஏமாற்றத்தைக் கண்டு அவர் சொன்னார்: "அது இதனுடைய உடன்பிறப்பு. ஆனால் எனக்கு வேண்டியது இதுதான்."

அந்த ஒரு வாக்கியத்தின் பொருளை விளங்கிக்கொள்ள முயன்றதன் விளைவே இந்த நீள்பதிவு. நான் மொழியியல் மாணவன். தாவரவியலில் பிழை இருப்பின் துறையினர் திருத்துக.

முதலில் அந்தக் குறுஞ்செடி. தாவரவியலார் இபோமியா நில் என்றும் ஜப்பானியர் அசகாவோ என்றும் அழைக்கும் இக்கொடி, ஒரு குறும்பகல் தாவரம். இரவு ஓர் எல்லையைத் தாண்டி நீண்டால்தான் அது பூவுக்கு ஆயத்தமாகும். 'வயலட்' எனப்படும் வகையில், வித்திலைப் பருவத்திலேயே ஒரே ஒரு நீண்ட இரவு போதும். ஒளிக்காலத்துவ ஆய்வுகளில் அது புகழ்பெற்றதற்குக் காரணம் இதுவே. எனவே குளிர்காலத்தில் இதை வீட்டினுள் வளர்ப்போர்முன் இரண்டு வழிகள் உள்ளன. கொடி வேண்டுமெனில் 20 பாகைக்குக் குறையாத வெப்பமும், இரவைச் சுருக்கும் செயற்கை ஒளியும் தந்து, இலைகள் பெருகிய பிறகே இருளை நீட்ட வேண்டும். விதை மட்டும் போதுமெனில் இரவை அதன் போக்கில் விட்டுவிடலாம். உள்ளங்கை அகலத் தொட்டியில் ஒரு தலைமுறை முடிந்துவிடும்.

இப்பூ விடியலைக் கண்டு மலர்வதில்லை என்பது எனக்குப் புதிய செய்தி. இருள் தொடங்கிச் சுமார் 10 மணி நேரம் கழித்து அது விரிகிறது. கோடையில் மாலை 7 மணிக்குப் பொழுது சாய்ந்தால் விடியற்காலைப் பூவாகிறது. இலையுதிர்காலத்தில் மாலை முன்னதாகவே வந்துவிடுவதால், விடியும் முன் இருட்டிலேயே மலர்ந்துவிடுகிறது. 'அச' என்றால் காலை, 'காவோ' என்றால் முகம். காலைமுகம் என்று பெயர் பெற்ற பூ, கணக்கைத் தொடங்குவது மாலையிலிருந்து.

பெயரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 8ஆம் நூற்றாண்டுத் தொகைநூலான மன்யோஷூவில், இலையுதிர்காலத்தின் ஏழு பூக்களை யமனோஉவே நோ ஓகுரா பட்டியலிடும் இடத்தில் 'அசகாவோ' வருகிறது. ஆனால் அது இந்தக் கொடி அன்று என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. இன்று கிக்யோ எனப்படும் மணிப்பூவையே அச்சொல் அன்று குறித்திருக்க வேண்டும் என்பர். அப்பூவை மாலையில் பொலிவதாகப் பாடும் பாடலும் அந்நூலில் இருப்பது இக்கருத்துக்கு வலுச் சேர்க்கிறது. சீனத்திலிருந்து மருந்தாக வந்த கொடி, ஏற்கெனவே வேறொரு பூவுக்கு உரியதாக இருந்த பெயரைப் பின்னர் எடுத்துக்கொண்டது. குறிஞ்சிப்பாட்டின் பூக்களை இன்றைய செடிகளோடு பொருத்த முயன்றவர்களுக்கு இந்தச் சிக்கல் பழக்கமானதே. கொடி ஜப்பானுக்கு வந்ததும் அழகுக்காக அன்று. அதன் விதை கடும் பேதி மருந்து. நம் நாட்டு மருந்துச் சரக்குக் கடைகளில் 'காலாதானா' என்ற பெயரில் விற்கப்படும் கறுப்பு விதையும் இதுவே.

மருந்துக்கொடி வேடிக்கைப்பொருளானது எடோக் காலத்தில். 1806ஆம் ஆண்டுப் பெருந்தீயில் எடோ நகரின் ஷிதாயாப் பகுதியில் பரந்த வெற்றிடங்கள் உண்டாயின. அங்கே தோட்டக்காரர்கள் தொட்டிகளில் புதுமையான அசகாவோக்களை வளர்க்கத் தொடங்கினர். அதையொட்டி 1804 முதல் 1830 வரையிலான புங்கா, புன்செய் ஆண்டுகளில் முதல் மோகம் எழுந்தது. 1848 முதல் 1860 வரை, காயெய், அன்செய் ஆண்டுகளில் இரண்டாவது. மற்போர் வீரர்களைத் தரவரிசைப்படுத்தும் பட்டியலைப் போலவே பூக்களுக்கும் தரவரிசைத் தாள் அச்சிட்டனர். 1854இல் வெளிவந்த 'அசகாவோ சன்ஜூரொக்கசென்' 36 பூக்களின் ஓவியத் தொகுப்பு. வரைந்தவர் ஹத்தோரி செஸ்ஸாய். மரபாகப் போற்றப்படும் 36 கவிஞர்களைக் குறிக்கும் 'சன்ஜூரொக்கசென்' என்னும் தொடரில் எழுத்தை மாற்றிச் செய்த சிலேடை அத்தலைப்பு. ஒலிப்பு ஒன்றே, கவிஞர் நின்ற இடத்தில் பூ நிற்கிறது. அமெரிக்கப் போர்க்கப்பல்கள் திரும்பி வந்து நின்று, துறைமுகங்களைத் திறக்கும் உடன்படிக்கை கையெழுத்தான அதே ஆண்டில் எடோ மக்கள் இந்நூலைப் புரட்டிக்கொண்டிருந்தனர்.

ஓவியங்களைப் பார்த்தால் இவை எல்லாம் ஒரே இனமா என்ற ஐயம் எழும். நூலாகக் கிழிந்த இதழ்கள், குழலாகச் சுருண்டு நுனியில் மடங்கும் இதழ்கள், பூவுக்குள் பூ, வேல்போல் ஒடுங்கிய இலை. இவற்றை மாற்றுரு அசகாவோ என்கின்றனர். வளர்ப்போர் இவற்றை இருவகையாகப் பிரிப்பர். விதை தரும் மாற்றுரு 'மசாகி'. விதை தராதது 'தெமோனோ'. பின்னதன் நேர்ப்பொருள் 'வெளிவந்த பொருள்'. இச்சொல் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. ஒரு வகையின் பெயராக அல்லாமல் ஒரு நிகழ்ச்சியின் பெயராக அது இருக்கிறது: விதைத்தவற்றுள் இது 'வெளிவந்தது'.

வெளிவருவது எப்படி? அடுக்குப்பூவை, அதாவது 'போத்தான்' எனப்படும் வகையை எடுத்துக்கொள்வோம். அதில் மகரந்தத்தாள்கள் இதழ்களாகிவிடுகின்றன, சூலகமும் உருமாறிவிடுகிறது. விதை கிடையாது. ஆகவே அடுத்த ஆண்டு அதே பூவைக் காண வேண்டுமெனில் அப்பூவால் ஒரு பயனும் இல்லை. அப்பண்பை மறைவாகச் சுமந்துகொண்டு சாதாரணமாகப் பூக்கும் உடன்பிறந்த செடியின் விதையே வேண்டும். அத்தகைய செடியை 'ஒயாகி', தாய்மரம், என்பர். அதன் விதைகளில் நான்கில் ஒன்று அடுக்குப்பூ, மூன்று சாதாரணம். அந்த மூன்றிலும் இரண்டே மறைவாகச் சுமப்பவை, ஒன்று வெறுமை. பார்வைக்கு மூன்றும் ஒன்றே. ஒவ்வொரு செடியின் விதையையும் தனித்தனி உறையில் இட்டு, அடுத்த ஆண்டு விதைத்துப் பார்த்தால்தான் எது எதுவெனத் தெரியும். ஒரு பூவில் இத்தகைய ஒடுங்கு பண்புகள் இரண்டு தனித்தனியாகச் சேர வேண்டுமெனில் வாய்ப்பு 16இல் ஒன்று. மூன்றெனில் 64இல் ஒன்று.

இங்கேதான் என் வரலாற்றுக் கேள்வி தொடங்குகிறது. மின்படிகளாகக் கிடைக்கும் எடோக் கால ஓவிய நூல்களில் நான் புரட்டிய பக்கங்களெல்லாம் வெளிவந்த பூவையே காட்டுகின்றன. அதைச் சுமந்த சாதாரணச் செடியை ஒருவரும் வரையவில்லை. வரைய என்ன இருக்கிறது? தரவரிசைத் தாளிலும் அதற்கு இடமில்லை. ஆனால் விதையற்ற ஒரு வடிவம் பருவந்தோறும் மீண்டும் மீண்டும் காட்சிக்கு வந்ததெனில், யாரோ ஒருவர் ஒவ்வோராண்டும் அந்த அழகற்ற செடிகளுக்கு நீர் ஊற்றி, உறை உறையாக விதை சேர்த்து, எது எதன் பிள்ளை எனக் குறித்து வைத்திருக்க வேண்டும். ஆவணத்தில் எஞ்சியிருப்பது விளைவு. விளைவைச் சாத்தியமாக்கிய உழைப்பு ஆவணத்துக்கு வெளியே நிற்கிறது. கல்வெட்டில் கொடையாளியைப் படித்துவிட்டுக் கல் சுமந்தவரைத் தேடும் வரலாற்று மாணவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இதிலிருந்து ஒரு தாவல் அடிக்கடி நிகழ்கிறது. எடோத் தோட்டக்காரர்கள் மெண்டலுக்கு முன்பே மெண்டல் விதிகளைக் கண்டுபிடித்துவிட்டனர் என்று எழுதுவோர் உண்டு. மெண்டல் தம் பட்டாணி ஆய்வை வாசித்தது 1865இல், அச்சேறியது 1866இல், உலகம் அதைக் கவனித்தது 1900இல். காலவரிசைப்படி எடோ முந்தியதே. ஆயினும் இக்கூற்றை நான் ஏற்கவில்லை. "இந்தச் செடியின் விதையில் அது வரும்" என்று அறிவது வேறு. "நான்கில் ஒன்று வரும், ஏனெனில் இரு பெற்றோரும் ஒவ்வொரு காரணியைத் தருகின்றனர்" என்று உரைப்பது வேறு. முன்னது கைத்திறனுக்குள் உறையும் அறிவு. பின்னது எண்ணிக்கையின்மேல் எழுந்த கோட்பாடு. "எல்லாம் எங்கள் முன்னோர் அறிந்ததே" என்னும் பேச்சு நமக்கும் புதிதன்று. அப்படிச் சொல்லும்போது நாம் முன்னோரை உயர்த்துவதாக நினைக்கிறோம். உண்மையில் அவர்கள் செய்த வேலையை விட்டுவிட்டு, செய்யாத ஒன்றுக்காகப் பாராட்டுகிறோம். கோட்பாடு ஏதுமின்றி, பல பருவங்கள், எதுவும் தெரியாத ஒரு செடியின்மேல் நம்பிக்கை வைத்து விதை சேர்ப்பது எவ்வளவு கடினம் என்ற கேள்வியே அங்கு காணாமற்போகிறது.

அவர்களுடைய அறிவு எங்கே பதிவாகியிருக்கிறது என்று என்னைக் கேட்டால், மாற்றுரு அசகாவோவுக்குப் பெயரிடும் மரபைக் காட்டுவேன். அப்பெயர்கள் நெடுந்தொடர்கள். வரிசை மாறாது: முதலில் இலையின் நிறம், பின் இலையின் வடிவம், பின் பூவின் நிறம், பூவின் வடிவம், ஈற்றில் அடுக்கு உண்டா என்பது. எடுத்துக்காட்டாக, 'அஓ' என்று தொடங்கினால் பச்சை இலை (நீலத்துக்கும் அதே சொல்தான், இலைக்கு வரும்போது பச்சை). 'யனாகிபா' என்றால் வில்லோ மரத்தின் இலைபோல் குறுகியது. 'சாய்சாகி' என்றால், படைத்தலைவன் கைக்கோலில் தொங்கும் தாள்கீற்றுகள்போல் இதழ் பிரிந்து பூப்பது. 'போத்தான்' என்பது பியோனிப் பூ, அதாவது அடுக்கு. உருபுகள் எல்லாம் தொக்கு நிற்க, தலைமைச்சொல் கடைசியில் வரும் இத்தொடரைத் தமிழ் படித்தவர் எளிதாகப் பிரித்துவிடுவர்.

இந்த வரிசை வெறும் இலக்கண வழக்கன்று. செடி தன்னை வெளிப்படுத்தும் வரிசையும் அதுவே: இலை முதலில், பூ பின்னர், அடுக்கு விரிந்த பிறகே. குறுகிய இலையையும் கிழிந்த இதழையும் உண்டாக்குவது ஒரே மரபணு மாற்றம். பெயரில் இரண்டு இடத்தில் வருவது செடிக்குள் ஒன்று. வித்திலையின் வடிவத்தைக் கண்டே, பூப்பதற்குப் பல வாரங்களுக்கு முன்பு, தேறிய வளர்ப்பாளர் எதை வைத்துக்கொள்வது எனத் தீர்மானித்துவிடுவர். பெயரின் முற்பாதி அவருக்குப் பிற்பாதியின் முன்னறிவிப்பு.

20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இமாய் யோஷிதகா, ஹகிவாரா தொகியோ போன்றோர் இக்கொடியை முறையான மரபியலுக்குள் கொண்டுவந்தனர். போர்க்காலத்தில் பல வகைகள் அழிந்தன. அழியாதவை சில ஆர்வலர்களிடமும் ஆய்வாளர்களிடமும் தங்கின. போருக்குப் பின் மிஷிமாவில் உள்ள தேசிய மரபியல் நிறுவனத்தில் தகெனகா யோ அவற்றைத் திரட்டினார். இன்று பெரிய விதைத் தொகுப்பு கியூஷூ பல்கலைக்கழகத்தில் உள்ளது. எடோவின் விசித்திரங்களுள் மிகப் பலவற்றுக்குக் காரணம் டிபிஎன்1 என்னும் இடம்பெயர் மரபணுக் குடும்பம் என்பது 1994 முதல் தெளிவாகி, 2016இல் வெளிவந்த முழு மரபணுத்தொகுதியில் உறுதிப்பட்டது. அடுக்குப்பூவும் அத்தகைய ஒரு துண்டு தவறான இடத்தில் நுழைந்ததன் விளைவே. ஆய்வாளர்கள் அதைக் கண்டறிய முடிந்தது, யாரோ சிலர் அதுவரை ஒயாகியின் விதையைக் கைவிடாததால்.

மீண்டும் தில்லிக்கு. தோழியின் விரலளவுச் செடி ஒரே ஒரு காயைத் தந்தது. அசகாவோவின் காயில் மூன்று அறைகள், அறைக்கு இரண்டு விதை, மொத்தம் ஆறு. அச்செடி அடுக்குப்பூவை மறைவாகச் சுமப்பதாகவே கொண்டாலும், ஆறு விதையிலும் ஒன்றுகூட அடுக்காக வராமற்போக 100க்கு 18 அளவில் வாய்ப்பு உண்டு. அதாவது ஆறும் சாதாரணமாகப் பூத்தால், அதைக் கொண்டு தாய்ச்செடி வெறுமை என்று தள்ளிவிட முடியாது. ஆறையும் வளர்த்து, ஆறின் விதையையும் தனித்தனியே சேர்க்க வேண்டும். "இடம் எங்கே இருக்கிறது?" என்று அவரே அலுத்துக்கொண்டார், அடுத்த மாதம் அந்த அறையை வேறொருவருக்கு ஒழித்துக் கொடுக்க வேண்டுமாம்.

பிறகு ஒரு பழுப்பு உறையில் ஆறு விதைகளையும் இட்டு, பென்சிலால் எழுதினார்: தாய்ச்செடியின் எண், காய் பறித்த நாள், "சாதாரணம்?" அந்தக் கேள்விக்குறியை அவர் இருமுறை அழுத்தி எழுதியதைப் பார்த்தேன்.