எப்ரோப் பள்ளத்தாக்கின் பசும்பாதை

ஸ்பெயின் தேசத்தின் வடபுறத்து மலைகளிலே தோன்றி, ஏறத்தாழ 930 கிலோமீற்றர் தூரம் தென்கிழக்காக ஓடி, மத்தியதரைக் கடலிலே கலப்பது எப்ரோ ஆறு. பண்டைக் காலத்தார் இதனை இபேருஸ் என வழங்கினர். ஐபீரியா என்னும் நாட்டுப் பெயரே இவ்வாற்றின் பெயரடியாகப் பிறந்ததென்பர். கடலை அணுகுமுன் இவ்வாறு மலைத்தொடர்களை ஊடறுத்துச் செல்லும் பகுதியின் மேற்கே, டெரா அல்டா என்னும் மேட்டுநிலம் உண்டு. ஒலிவமும் வாதுமையும் திராட்சையும் அதன் விளைபொருள்கள். ஊர்கள் சிறியன, மக்கள் தொகையும் குறைவே.

இன்று அம்மேட்டுநிலத்திலிருந்து ஆற்றங்கரை நகராகிய தொர்த்தோசா வரை, மோட்டார் வண்டி ஒன்றேனும் எதிர்ப்படாமல் துவிச்சக்கரவண்டியிற் செல்லலாம். மலைநாட்டுப் பாதையாயினும் மூச்சிரைக்க மிதிக்கவேண்டிய ஏற்றம் அங்கில்லை. கடலை நோக்கி வருபவனுக்கு வண்டி பெரும்பாலும் தானே உருளும். குன்று குறுக்கிட்டால் பாதை அதனைத் துளைத்துச் செல்கின்றது. பள்ளம் குறுக்கிட்டால் உயர்ந்த பாலத்தின்மேற் கடக்கின்றது. உல்லாசப் பயணிகளுக்காக இத்துணைப் பொருட்செலவில் ஓர் அரசு மலையைக் குடைந்திருக்குமோ என ஐயுறுதல் இயல்பே. குடைந்தது அவர்களுக்காகவன்று. அது கோதுமைக்காகவும் எண்ணெய்க்காகவும் தொடங்கப்பெற்று, போரினால் விரைவுபெற்று, பின்னர்க் கைவிடப்பட்ட ஒரு புகையிரதப் பாதை.

ஸ்பெயினின் உள்நாட்டு மாகாணமாகிய அரகோனுக்குக் கடற்கரை இல்லை. எப்ரோ ஆறு அரகோனின் தலைநகராகிய சரகோசாவின் வழியே ஓடிக் கடலுக்குச் செல்கின்றதாயினும், ஆழமின்மையும் விரைந்த நீரோட்டமும் பெருங்கலங்களுக்கு இடந்தரவில்லை. சிறு தோணிகள் நிலக்கரியும் எண்ணெயும் தானியமும் ஏற்றித் தொர்த்தோசாவுக்கு இறங்கின. அவை திரும்பி ஏறுங்கால், கரைவழியே நடக்கும் ஆட்கள் தோளிற் கயிறிட்டு இழுத்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் மூன்றாம் சார்லஸ் மன்னன் ஆற்றின் கழிமுகத்தருகே சன் கார்லஸ் டி லா ராப்பிடா என்னுமிடத்தில் ஒரு பெருந்துறைமுக நகரை எழுப்பக் கருதினான். மன்னன் இறந்தான், எண்ணம் முழுமை பெறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு கம்பெனி ஆற்றைக் கப்பற்போக்குவரத்துக்கு ஏற்றதாக்க முயன்று, மடைகளும் கால்வாயும் அமைத்தது. கப்பல்களால் இலாபம் கிட்டவில்லை. ஆனால் அக்கால்வாய் நீர் கழிமுகத்தை நெல்வயலாக்கிற்று. கப்பலுக்கு வெட்டிய வாய்க்கால் சோற்றுக்கு உதவியது என்க.

நீர்வழி பொய்த்தபின் இரும்புவழி நாடப்பட்டது. சரகோசாவுக்குக் கீழ்த்திசையிலுள்ள புவெப்லா டி இஹார் என்னும் ஊரிலிருந்து சன் கார்லஸ் துறைமுகம் வரை ஒரு பாதை திட்டமிடப்பட்டது. தொடக்கத்திலுள்ள ஒரு பள்ளத்தாக்கின் பெயரால் அது வால் டி சபான் புகையிரதப் பாதை எனப் பெயர் பெற்றது. 1895ஆம் ஆண்டில் அல்கனீஸ் நகர் வரை ஏறத்தாழ 30 கிலோமீற்றர் திறக்கப்பட்டது. அவ்வளவே. அதன்பின் ஒரு தலைமுறைக் காலம் வேலை நகரவில்லை. 1898இல், அப்பொழுது இளைஞனாயிருந்த ஓவியர் பிக்காசோ, தம் நண்பரின் ஊராகிய ஓர்த்தாவில் தங்கச் சென்றார். தொர்த்தோசா வரை புகையிரதத்தில் வந்து, அங்கிருந்து கோவேறு கழுதையின் துணைகொண்டே மலையேற வேண்டியிருந்தது. 1909இல் அவர் மீண்டும் வந்து, அவ்வூர் வீடுகளைக் கனசதுரங்களாகத் தீட்டிய போதும் அங்கே தண்டவாளம் இல்லை. ஓவியத்தில் ஒரு புதுநெறி அவ்வூருக்குப் புகையிரதத்திற்கு முன்னரே வந்துவிட்டது!

1920களில், பிரீமோ டி ரிவேரா என்னும் தளபதியின் ஆட்சியில் வேலை மீண்டும் தொடங்கிற்று. மலையினூடு சுரங்கவழிகள் வெட்டப்பட்டதும் பாலங்கள் எழுந்ததும் இக்காலத்திலேயே. அவற்றுள் வால்டியல்கோர்பா என்னும் ஊரருகேயுள்ள சுரங்கவழி 2 கிலோமீற்றருக்கு மேல் நீளமானது. வளைவின்றிக் கிழக்கு மேற்காக அமைந்தது. இரவும் பகலும் ஒத்த நாள்களில், அதாவது மார்ச்சு மாதத்திலும் செப்டெம்பர் மாதத்திலும், ஞாயிற்றின் ஒளி ஒரு வாயிலிற் புகுந்து மறு வாயில் வரை செல்கின்றது. இவ்வளவு செய்தும் பாதை தொர்த்தோசாவை எட்டுமுன்னர், 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டது.

1938 ஏப்ரில் மாதத்தில் பிராங்கோவின் படைகள் கடற்கரையை அடைந்து குடியரசின் நிலத்தை இரு கூறாக்கின. டெரா அல்டா அவர்கள் வசமாயிற்று. அவ்வாண்டு ஜூலை 25ஆந் திகதி விடியுமுன், குடியரசுப் படையினர் படகுகளிலும் மிதவைப் பாலங்களிலும் எப்ரோவைக் கடந்து வந்து தாக்கினர். கண்டேசா என்னும் ஊரின் வாயில் வரை வந்தும் அதனைக் கைப்பற்ற அவர்களால் இயலவில்லை. மேல்நதி அணைகளின் மதகுகள் திறக்கப்பட, வெள்ளம் அவர்கள்தம் பாலங்களை அடித்துச் சென்றது. நவம்பர் 16 வரை, 115 நாள்கள், அப்போர் நடந்தது. கொர்பேரா என்னும் ஊர் இடிந்து தரைமட்டமாயிற்று. மக்கள் அடிவாரத்திற் புதிதாக ஊர் கட்டிக்கொண்டனர். பழைய ஊரின் இடிபாடுகள் நினைவுச்சின்னமாக இன்றும் விடப்பட்டுள்ளன.

நாற்பது ஆண்டுகளாக ஊர்ந்த புகையிரதப் பாதை விரைந்து முன்னேறியது இக்காலத்திலேதான். பிராங்கோவின் படைத்துறையினர் கண்டேசாவுக்கு அண்மையிலுள்ள பொட் என்னும் சிற்றூர் வரை தண்டவாளத்தை நீட்டினர். போர்க்களத்துக்கு வேண்டிய தளவாடங்கள் அவ்வழியே வந்தன. காயமுற்றோர் அவ்வழியே கொண்டுசெல்லப்பட்டனர். கோதுமை ஏற்றிச் செல்ல என்று அவ்வூரார் எதிர்பார்த்த வண்டி, முதன்முதலில் ஏற்றிச் சென்றது குருதி தோய்ந்த மனிதரை. போருக்குப்பின் எஞ்சிய வேலையில் ஈடுபடுத்தப்பட்டவருள் தோல்வியுற்ற தரப்பின் கைதிகளும் இருந்தனர். இன்று குளிர்ச்சியை நாடி அச்சுரங்கவழிகளிற் புகும் பயணி இச்செய்தியை அறிந்து புகுதல் நன்றென்பது என் கருத்து. பாதையோரத்து அறிவிப்புப் பலகைகள் காட்சிகளின் அழகை உரைக்கும் அளவுக்கு உழைத்தவரின் துன்பத்தை உரைப்பது அரிது.

1940களின் தொடக்கத்தில் தொர்த்தோசா வரை வண்டி ஓடிற்று. சன் கார்லஸ் துறைமுகத்தை நோக்கிய பகுதியிலும் மண் கொட்டி மேடு அமைத்தனர். ஆனால் ஒரு புகையிரதமும் அத்துறைமுகத்தை என்றும் அடையவில்லை. ஆகவே, கடலுக்காகத் தோன்றிய பாதை கடலைக் காணாமலே வாழ்ந்து முடிந்தது. அவ்வாழ்வும் நீண்டதன்று. லொறிகள் பெருகின, இளைஞர் ஊரைவிட்டு பார்சலோனாவின் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். 1962இல் உலக வங்கியின் அறிக்கையொன்று புதிய புகையிரதப் பாதைகளிற் பணம் முடக்க வேண்டாமென ஸ்பானிய அரசுக்கு ஆலோசனை கூறிற்று. 1973 செப்டெம்பரில், பிரட் டி கொம்தெ, பினெல் என்னும் ஊர்களுக்கிடையே ஒரு சுரங்கவழி இடிந்து வீழ்ந்தது. அதனைச் செப்பனிட எவரும் முன்வரவில்லை. மலையின் ஒரு சரிவு, கணக்கர் நெடுநாள் தேடிய காரணத்தை அவர்களுக்குக் கொடுத்துவிட்டது போலும். அரை நூற்றாண்டுக்கு மேலாகக் காத்திருந்த மக்கள் முழுப் பாதையையும் அனுபவித்தது முப்பது ஆண்டளவே.

இவ்வகையில் ஒழிந்த பாதை இஃதொன்றன்று. 1985இன் தொடக்கத்தில் ஸ்பெயின் முழுவதிலும் பல பாதைகளில் ஒருசேரப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 1993இல் அரசு கணக்கெடுத்தபோது, பயன்படாமற் கிடந்த பாதைகள் 7,600 கிலோமீற்றருக்கு மேலாயிருந்தன. அவற்றில் 954 நிலையங்களும் 1,070 பாலங்களும் 501 சுரங்கவழிகளும் இருந்தன. அவ்வாண்டு தொடங்கிய திட்டமே, தண்டவாளம் அகற்றிய பாதைகளைக் கால்நடையாளருக்கும் துவிச்சக்கரவண்டிக்காரருக்கும் உரிய வழிகளாக்குவது. அவற்றுக்குப் பசும்பாதைகள் எனப் பொருள்படும் வியாஸ் வெர்தெஸ் என்னும் பெயர் இடப்பட்டது. இத்திட்டத்தை இணைத்து நடத்துவது ஸ்பானியப் புகையிரத நிறுவகம். இதுகாறும் 3,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழிகள் அமைந்துள்ளன.

புகையிரதப் பாதை மிதிவண்டிக்கு இத்துணைப் பொருந்துவது எவ்வாறு? இரும்புச் சக்கரத்துக்கு இரும்புத் தண்டவாளத்தின்மீது பிடிப்புக் குறைவு. ஆதலால், பாரமேற்றிய எஞ்சின் செங்குத்தாக ஏறமாட்டாது. பாதையின் சாய்வு நூற்றுக்கு மூன்றை மீறாதிருக்கவும் வளைவுகள் அகன்றிருக்கவும் எஞ்சினியர் பாடுபட்டனர். எஞ்சினின் இயலாமைக்காகச் செய்த அவ்வேற்பாடு, வயது முதிர்ந்தவரும் சிறுவரும் மலையைக் கடக்க உதவுகின்றது.

டெரா அல்டாவின் பசும்பாதை, அரகோனுக்கும் கட்டலோனியாவுக்கும் எல்லையாகிய அல்கார்ஸ் ஆற்றின் அருகே ஆர்னஸ் நிலையத்திற் தொடங்குகின்றது. 20 கிலோமீற்றர் சொச்ச தூரத்தில் ஏறக்குறைய இருபது சுரங்கவழிகள் உள; சிலவற்றிற் கைவிளக்கு வேண்டும். இடையே பள்ளத்தில் பொன்ட்கல்டா என்னும் மாதா கோயிலும், அப்பெயர் குறிக்கும் வெந்நீரூற்றும் இருக்கின்றன. பினெலுக்கு அப்பால் பாதை எப்ரோவின் கரையை அடைந்து, ஷேர்ட்டாவின் பழைய அணைக்கட்டருகே, தோடை மரத் தோப்புகளினூடே தொர்த்தோசாவுக்கு இறங்குகின்றது. பெனிபலெட்டில் நிலையக் கட்டடம் வழிப்போக்கர் விடுதியாயிற்று. கூரை வீழ்ந்து பாழாய் நிற்கும் நிலையங்களும் உண்டு.

இப்பசும்பாதையால் உணவு விற்போரும் வண்டி வாடகைக்கு விடுவோரும் பயன்பெறுகின்றனர் என்பது மெய். அதனைப் புகையிரதத்திற்கு ஈடெனக் கொள்ளல் தகாது. வருகிறவன் தொர்த்தோசாவிற் பயணத்தை முடித்து, அங்கிருந்து இன்றும் புறப்படும் வண்டியில் தன் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு பார்சலோனாவுக்குத் திரும்புகின்றான். பொட் ஊர்க் கிழவிக்கு தொர்த்தோசா ஆசுபத்திரிக்குப் போக வேண்டுமாயின், அவள் வீட்டருகேயுள்ள நிலையத்தில் 1973இற்குப் பின் எந்த வண்டியும் நிற்பதில்லை. வளைந்து செல்லும் மலைத்தெருவே அவளுக்கு வழி.