பொதுக் காரணி கண்ட வரலாறு



மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையை, ஞாயிறு படும் திசையிலுள்ளமையால், படுவான்கரை என்பர். தான்தோன்றீஸ்வரர் கோயில் கொண்ட கொக்கட்டிச்சோலை அங்குள்ள நெல்வயல் சூழ்ந்த ஊர். அவ்வூர் உழவர் ஒருவரிடம் 6 மரைக்கால் கொள்ளும் கூடையொன்றும், 9 மரைக்கால் கொள்ளும் கூடையொன்றும் மட்டுமே உள்ளன எனக் கொள்வோம். அவற்றால் 21 மரைக்கால் நெல் அளக்கலாம். சிறிய கூடையால் இருமுறையும் பெரியதால் ஒருமுறையும் அளந்தாற் போதும். ஆனால் 20 மரைக்கால் அளத்தல் இயலாது. எத்தனை முறை அளந்து கொட்டினும், கொட்டியதில் மீள அளந்தெடுப்பினும் இயலாது. 6, 9 என்பவற்றின் பொதுக் காரணி 3. அவ்வெண்களைக் கூட்டினும் கழிப்பினும் வருவது 3இன் மடங்கே, 20 அவ்வாறானதன்று.

பள்ளியில் நாம் இரண்டு எண்களின் காரணிகளை வரிசையாக எழுதிப் பொதுவானவற்றுட் பெரியதைத் தெரிகின்றோம். 12, 18 என்பவற்றுக்கு இம்முறை எளிது. 391, 299 என்று கொடுத்தாலோ மாணவன் திகைப்பான். ஏறக்குறைய கி. மு. 300இல் யூக்கிளிட்டு என்னும் கிரேக்க அறிஞர், தம் 'மூலகங்கள்' என்னும் நூலின் ஏழாம் பகுதியில் இதற்கு வழி கூறினார். பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்துக்கொண்டே செல்க என்பதே அது. 391இல் 299 போக 92; 299இல் 92 மும்முறை போக 23; 92இல் 23 நான்கு முறை மிச்சமின்றி அடங்கும். எனவே 23 விடை. காரணியொன்றையும் தேடாமலே விடை கிடைத்துவிட்டது.

இவ்வாறு மாறிமாறி வகுக்கும் முறை பாரதத்திலும் விளங்கிற்று. கி. பி. 499இல் ஆரியபட்டர் இயற்றிய ஆரியபட்டீயம், இரண்டு எண்களால் வகுக்கக் குறித்த மிச்சங்கள் தரும் எண்ணைக் காணும் வழியை உரைக்கின்றது. கோள்களின் சுழற்சியைக் கணிக்கப் பயன்பட்ட அதனைப் பின்வந்தோர் குட்டகம் என்றனர். பொடியாக்குவது என்பது அதன் பொருள். பெரிய எண்கள் படிப்படியாகச் சிறுத்துவிடுகின்றன அன்றோ!

கி. பி. 1150இல் இரண்டாம் பாஸ்கரர் தம் லீலாவதியில் மேலுமொன்றைத் தெளிவாக்கினார். வகுபடும் எண்ணையும் வகுக்கும் எண்ணையும் மிச்சமின்றி வகுக்கும் பொதுக் காரணி, உடன் கூட்டப்படும் எண்ணை வகுக்காதாயின் அவ்வினாவே பழுதுடையது என்றார். கொக்கட்டிச்சோலைக் கூடைகள் உணர்த்தியதும் இதுவே.

ஆதலின், பொதுக் காரணியைப் பின்னஞ் சுருக்கும் கருவியென்று மட்டும் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் போதாது. முடிவதையும் முடியாததையும், முயற்சியில் இறங்குமுன்னரே பிரித்தறியச் செய்வதும் அதுவே.