கொம்பு ஊதியவர்கள்

பள்ளிக்கரணையில் எங்க தெருவுல நாலு வீட்டுல திருட்டு போச்சு. கூட்டம் போட்டாங்க. ராத்திரி ரோந்துக்கு இருபது பேர். கையில தடி, கழுத்துல விசில். மூணாம் நாள், வேலை முடிந்து வந்த ஒரு பையனை நிறுத்தினார்கள். முதல் கேள்வி: "பெரும்பாக்கம் ஆளாடா நீ?" நகரத்துக் குடிசைகளைப் பிடுங்கி அரசு கொண்டுவந்து கொட்டிய அடுக்குமாடிகள் அங்கேதான் இருக்கின்றன. அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். பையனுக்கு உதடு கிழிந்தது. "நான் அடிக்கச் சொல்லலியே" என்றார் தலைவர். சொல்லவில்லைதான். நிறுத்தவும் அவரால் முடியவில்லை.

இது நூறு வருஷத்துக்கு மேல் பழைய கதை.

1896, திண்டுக்கல் தாலுகா. பிரமலைக் கள்ளர்கள் ஊர் ஊராகக் காவல் வைத்திருந்தார்கள். காவல் கூலி தராதவன் மாடு காணாமல் போகும், வைக்கோல் போர் எரியும். போன மாடு திரும்பி வரத் துப்புக்கூலி கொடுக்க வேண்டும். குடியானவர்களின் கோபம் நியாயமானது. இடையர் சாதியைச் சேர்ந்த ஒருவர் ஊர் ஊராகப் போய் ஆள் திரட்டினார். கள்ளர் காவல் வேண்டாம் என்று கூட்டங்களில் சத்தியம் செய்தார்கள். மாட்டைப் பறிகொடுத்தவனுக்கு ஈடு கொடுக்க நிதி சேர்த்தார்கள். அந்த 'ஃபண்டு'தான் மக்கள் வாயில் 'பண்டு' ஆகி, இயக்கத்துக்கே பெயராயிற்று. திருட்டு நடந்தால் கொம்பு ஊத வேண்டும். கேட்டவர்கள் எல்லாம் துரத்த வேண்டும். சத்தியம், நிதி, கொம்பு: ஒழுங்கான ஏற்பாடுதான்.

ஆனால் பழனி, பெரியகுளம் பக்கம் பரவியபோது அது கைமீறியது. கள்ளர் வீடுகள் எரிந்தன. குடும்பங்கள் விரட்டப்பட்டன. தலைமை சரியில்லை என்று இதை முடித்துவிடலாமா? கோளாறு, எதிரி யார் என்று வரையறுத்த இடத்திலேயே இருக்கிறது. 'திருடியவனைப் பிடி' என்பதற்கு எல்லை உண்டு. ஆளைப் பிடித்து ஒப்படைத்தால் வேலை முடிந்தது. 'கள்ளனை விரட்டு' என்பதற்கு எல்லை ஏது? தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் கள்ளன்தானே! முடிவே இல்லாத வேலையில் எந்தத் தலைவன் "போதும், வீட்டுக்குப் போங்க" என்று சொல்ல முடியும்?

வெள்ளைக்கார அரசு பின்னால் அதே கணக்கைச் சட்டமாக எழுதியது. 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1914 முதல் பிரமலைக் கள்ளர்மீது படிப்படியாகப் பாய்ந்தது. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டு 16 பேர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947இல்தான் சட்டம் ஒழிந்தது. குறவர், இருளர்மீது போலீஸ் ஸ்டேஷனில் அது இன்னும் ஒழியவில்லை.

நமக்கு இது எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். 1997 ஜூன் 30, மேலவளவில் முருகேசன் உள்ளிட்ட ஏழு பேரை வெட்டிக் கொன்றது கள்ளர் சாதி ஆதிக்கம். மறக்கவில்லை. கொன்றவர்களுக்குத் தண்டனை கேட்டோம். அவர்கள் பிள்ளைகளின் ரேகையைக் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. பிறப்பே குற்றம் என்ற கணக்கு முதலில் எழுதப்பட்டது நம் முதுகில்.

நாங்கள் நாலைந்து பேர் சங்கக் கூட்டத்துக்குப் போனோம். தடி வேண்டாம், எந்த ஏரியா என்று யாரையும் கேட்கக் கூடாது, அடிக்கிறவன்மேல் சங்கமே புகார் கொடுக்க வேண்டும் என்றோம். பெரிய சத்தம். கடைசியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் ராத்திரி இருபது பேரில் பதினொரு பேர் வரவில்லை. அந்தப் பதினொரு பேர் எதற்காக வந்துகொண்டிருந்தார்கள் என்பது தெருவுக்கே தெரிந்துபோச்சு.