பாகராக்கின் கூரையில்லாத கோயில்

ரைன் நதியில் பிங்கன் நகரிலிருந்து கோப்லென்ஸ் வரை சுமார் 65 கிலோமீட்டர். 2002-ல் யுனெஸ்கோ பாரம்பரியக் களமாக அறிவித்த இந்தத் துண்டில் மட்டும் ஏறக்குறைய 40 கோட்டைகள். இவ்வளவு கோட்டை எதுக்கு என்று கேட்டால், முக்கியமான பதில் ரொம்பச் சாதாரணமானது: சுங்கம். இரண்டு பக்கமும் மலை நெருக்க, ஆறு குறுகி ஓடுகிறது. அந்த இடத்தில் மறித்து நின்றால் எந்தப் படகும் காசு கொடுக்காமல் தப்ப முடியாது. கௌப் என்ற ஊருக்கு எதிரே, ஆற்றின் நடுவிலேயே ஒரு வெள்ளைக் கோட்டை நிற்கிறது. 14ஆம் நூற்றாண்டில் கட்டியது, 19ஆம் நூற்றாண்டு வரைக்கும் அங்கே சுங்கம் வசூலித்திருக்கிறார்கள்.

நானும் அக்காவும் ஏறிய சுற்றுலாக் கப்பல் இந்தத் துண்டை ஒரே பகலில் கடக்கிறது. காலையில் இறங்கிய ஊர் பாகராக். மரச்சட்டங்களுக்கு நடுவே சுவர் பூசிய வீடுகள். அதில் ஒன்றில் 1368 என்று ஆண்டு போட்டிருக்கிறது. ஊரைச் சுற்றி மதில், மேலே ஷ்டாலெக் கோட்டை. அது இப்போது இளைஞர் விடுதி. இரண்டாயிரம் பேர்கூட இல்லாத இந்த ஊரின் பெயர் ஒரு காலத்தில் ஐரோப்பா முழுக்க ஒயினோடு சேர்ந்து ஒலித்தது. பிங்கனுக்குப் பக்கத்தில் ஆற்றுக்குள் பாறைத் தடுப்பு இருந்ததால் பெரிய கப்பல்கள் அதைத் தாண்ட முடியாது. மேலிருந்து சிறு படகுகளில் வந்த பீப்பாய்களை பாகராக்கில்தான் பெரிய கப்பலுக்கு மாற்றுவார்கள். எங்கே விளைந்த ஒயினாக இருந்தாலும் இங்கிருந்து கிளம்பும்போது அது ‘பாகராக் ஒயின்’ ஆகிவிடும்.

ஊருக்கும் கோட்டைக்கும் நடுவே, மலைச்சரிவில், செந்நிற மணற்கல்லில் ஒரு கட்டடம் நிற்கிறது. கூரை கிடையாது. கோதிக் பாணியின் உயரமான ஜன்னல் சட்டங்கள் மட்டும். கண்ணாடி இருந்த இடத்தில் வானம். எங்களோடு வந்தவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் போட்டோ எடுத்தார்கள்.

“இதுக்கு ஏன்டா கூரை இல்ல?” என்றாள் அக்கா.

“1689-ல பிரெஞ்சுப் படை மேல இருக்கற கோட்டைய வெடி வெச்சுத் தகர்த்துச்சு. அந்தக் கல்லெல்லாம் இது மேல விழுந்துச்சுக்கா.”

“அது இடிஞ்ச கதை. யாருக்காகக் கட்டினாங்க?”

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். இதன் பெயர் வெர்னர் சிற்றாலயம். வெர்னர் என்பவன் கூலி வேலை செய்து பிழைத்த ஒரு கிறிஸ்தவப் பையன். வயது 16. 1287 வசந்த காலத்தில் அவன் உடல் பாகராக் அருகே கிடைத்தது. யார் கொன்றார்கள் என்பதற்கு எந்தச் சாட்சியமும் இல்லை. ஆனால் பழி தயாராக இருந்தது. யூதர்கள் தங்கள் பாஸ்கா பண்டிகைக் காலத்தில் கிறிஸ்தவப் பிள்ளைகளைக் கொல்கிறார்கள் என்ற கட்டுக்கதை 12ஆம் நூற்றாண்டிலிருந்தே ஐரோப்பாவில் சுற்றிக்கொண்டிருந்தது. பையன் வேலை பார்த்த ஓபர்வேசல் ஊரின் யூதர்கள்தான் கொன்றார்கள் என்று கதை கிளம்பியது. அங்கே தொடங்கிய கொலைகள் ரைன் கரை ஊர்களிலும் மோசல் நதிக் கரையிலும் பரவின. கோட்டைகளுக்குக் கப்பம் கட்டிப் போன படகுகளோடு இந்த வதந்தியும் ஊர் ஊராகப் போயிருக்கும். வதந்திக்கு மட்டும் சுங்கம் கிடையாது.

நம்மில் பலர் நினைப்போம்: அந்தக் காலம் அப்படி, எல்லோரும் நம்பினார்கள், யாருக்கு உண்மை தெரியும்? அப்படியில்லை. உயிர்பிழைத்த யூதர்கள் மன்னர் முதலாம் ருடால்ஃபிடம் முறையிட்டார்கள். குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்றே அவர் முடிவு செய்தார். கொலை செய்தவர்களுக்கு அபராதம் விதித்தார். வழிபாடு வளர்ந்துவிடக் கூடாது என்று பையனின் உடலை எரித்துவிடவும் உத்தரவிட்டார். அந்த உத்தரவு நிறைவேறவில்லை. 1289-ல் அவன் கல்லறை மேல் இந்தச் சிற்றாலயத்தைக் கட்ட ஆரம்பித்தார்கள். முடிய ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

அதாவது, பொய் என்று அரசன் சொன்ன பிறகு கல் நட்டார்கள். அடுத்தடுத்து நடந்தது நமக்குப் பழக்கமான வரிசைதான். கல்லறை வந்தது, அற்புதங்கள் வந்தன, யாத்திரிகர்கள் வந்தார்கள், காணிக்கை வந்தது, பிறகு தலபுராணம். 15ஆம் நூற்றாண்டில் வெர்னரை அதிகாரபூர்வமாகப் புனிதராக்க ஒரு விசாரணையே நடந்தது. ரோம் அவரை ஒருபோதும் அப்படி அறிவிக்கவில்லை. அதனால் என்ன? திராட்சை விவசாயிகளின் காவலராக அவர் பிரான்சு வரை போய்விட்டார். ட்ரியர் மறைமாவட்டம் தன் திருநாள் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்தது 1963-ல். மன்னரின் தீர்ப்புக்கும் இந்த நீக்கத்துக்கும் நடுவில் ஏறக்குறைய 675 வருஷம்.

ஒரு வதந்தியை மறுப்பதற்கு ஒரு தீர்ப்பு போதும் என்று நினைக்கிறோம். தீர்ப்பு தாளில் இருந்தது. பொய்க்கோ கட்டடம் இருந்தது, திருநாள் இருந்தது, ஒயின் இருந்தது. வருஷத்துக்கு ஒரு நாள் குடும்பத்தோடு கொண்டாடுகிற விஷயத்தை யார் பொய் என்று நினைப்பார்கள்? இன்று அந்த இடிபாட்டில் யூதர்களுக்கு இழைத்த அநீதிக்காக மன்னிப்புக் கேட்கும் ஒரு பலகை இருக்கிறது. நின்று படிக்க ஒரு நிமிஷம் ஆகும். நாங்கள் இருந்த வரையில் நின்றவர்கள் குறைவு.

மதியம் கப்பல் கிளம்பியது. கௌப் கோட்டை போனது. இடது கரையில் ஓபர்வேசல் தன் மதில் கோபுரங்களோடு வந்து போனது. அங்கேயும் வெர்னர் பெயரில் ஒரு சிற்றாலயம் இருந்தது, இந்த நூற்றாண்டில்தான் பெயரை மாற்றினார்கள். அடுத்த வளைவில் லோரெலைப் பாறை. படகோட்டிகளைப் பாட்டால் மயக்கி மூழ்கடித்த பெண்ணின் கதை. ஒலிபெருக்கியில் அந்தப் பிரபலமான பாட்டைப் போட்டார்கள். மேல்தளமே கூடச் சேர்ந்து முணுமுணுத்தது.

பாட்டின் வரிகளை எழுதியவர் ஹைன்ரிக் ஹைனே. யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் கவிதை அச்சான 1824 வாக்கில்தான் அவர் ‘பாகராக்கின் ரபி’ என்ற நாவலையும் தொடங்கினார். பாஸ்கா இரவு. ரபி ஆபிரகாம் வீட்டு விருந்துக்கு இரண்டு அந்நியர்கள் வருகிறார்கள். மேசைக்கு அடியில் ஒரு குழந்தையின் பிணத்தை ரகசியமாகத் தள்ளிவிடுகிறார்கள். ரபி அதைப் பார்த்துவிடுகிறார். அடுத்து என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். மனைவி சாராவைக் கூட்டிக்கொண்டு அந்த இரவே படகேறுகிறார், நாங்கள் போன திசைக்கு எதிர்த்திசையில், ஃப்ராங்ஃபர்ட்டை நோக்கி. நாவலை ஹைனே முடிக்கவே இல்லை. 1840-ல் டமாஸ்கஸ் நகர யூதர்கள் மீது அதே பழி மறுபடி விழுந்தபோது, இருந்த மட்டும் போதும் என்று வெளியிட்டார்.

ஒரே மனிதர், ஒரே ஆறு, சில மைல் இடைவெளியில் இரண்டு கதைகள். மயக்கிக் கொன்ற பெண்ணின் பாட்டுக்கு ஒலிபெருக்கி இருக்கிறது. தப்பி ஓடிய தம்பதியின் படகைப் பற்றி அந்தக் கப்பலில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.