தாலி, தீட்டு, பேதகம்

இராயபுரம் என்ற பெயருக்குள் ஓர் அப்போஸ்தலர் இருக்கிறார். பேதுருவைப் பழைய தமிழ்க் கத்தோலிக்கர்கள் இராயப்பர் என்றே அழைத்தார்கள். சென்னைக்குத் துறைமுகம் இல்லாத நாளில், நடுக்கடலில் நின்ற கப்பல்களிலிருந்து ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்த படகோட்டிகள் எழுப்பிய கோயில் அவர் பெயரில் இன்றும் அங்கே நிற்கிறது. வடசென்னையின் கத்தோலிக்கக் கல்யாணங்களில் மணமகளின் கழுத்தில் ஏறும் தாலியில் சிலுவையைப் பார்க்கலாம். வெறும் வழக்கம் என்று நாம் கடந்துபோகும் இந்தச் சின்னத்துக்குப் பின்னால் ஒரு சட்டம் உண்டு. அது 1704-இல் புதுச்சேரியில் எழுதப்பட்டது. தமிழ்க் கிறித்தவத்தில் எது மெய்யான விசுவாசம், எது கலப்படம் என்று பிரித்துக் காட்ட வந்த சட்டம் அது.

கதை அதற்கு நூறாண்டு முன்பே தொடங்குகிறது. 1606-இல் மதுரைக்கு வந்த சேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி, காவி உடுத்து, பூணூலையும் குடுமியையும் சமூக அடையாளங்களாக ஏற்று, உள்ளூர் வழக்கங்களோடு கிறித்தவத்தைச் சேர்த்துப் போதித்தார். அவருக்குப் பின் வந்த சேசு சபையாரும் அதே வழியில் நடந்தார்கள். கப்புச்சின் துறவியருக்கு இது பொறுக்கவில்லை. 1642 முதல் சென்னைக் கோட்டையிலும், பின்னர் புதுச்சேரியிலும் பணியாற்றிய சபை அது. நற்செய்தியோடு விக்கிரக வழிபாடும் கலந்துவிட்டது என்று புதுச்சேரிக் கப்புச்சின்கள் ரோமாபுரிக்கு முறையிட்டார்கள். 1703 நவம்பரில் போப்பாண்டவரின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் வந்திறங்கினார். 1704 ஜூன் 23 அன்று அவர் கையெழுத்திட்ட ஆணை, வரலாற்றில் 'மலபார் சடங்குகள்' என்று பெயர்பெற்ற வழக்கின் மைய ஆவணமாயிற்று.

அந்த ஆணை எதையெதையெல்லாம் தொட்டது என்று பாருங்கள். பிள்ளையார் உருவம் கொண்ட தாலியைக் கிறித்தவப் பெண்கள் அணியக் கூடாது. சிலுவையோ, இயேசு அல்லது மரியாளின் உருவமோ உள்ளதை அணியலாம். மஞ்சள் தோய்த்த 108 இழைத் தாலிக்கயிறு ஆகாது. கல்யாணத்தில் சகுனம் பார்த்துத் தேங்காய் உடைக்கக் கூடாது. ஆறேழு வயதுக் குழந்தைகளுக்கு மணம் முடிக்கக் கூடாது. பெண் வயதுக்கு வந்ததை விழாவாகக் கொண்டாடக் கூடாது. மாதவிலக்கைக் காரணம் காட்டிப் பெண்களுக்குப் பாவசங்கீர்த்தனத்தையும் திருவருட்சாதனங்களையும் மறுக்கக் கூடாது. ஞானஸ்நானத்தில் எச்சிலையும் உப்பையும் விடக் கூடாது, பறையர் வீட்டு நோயாளிகளைக் குருக்கள் நேரில் சென்று காண வேண்டும் என்பன போன்ற பிரிவுகளும் இருந்தன. ஆனால் கழுத்து, கருப்பை, பூப்பு, கல்யாணம் என்று பிரிவுக்குப் பிரிவு பெண்ணுடல் வந்துகொண்டே இருப்பதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. மெய்யும் பொய்யும் கலந்திருக்கின்றனவா என்று தேடப் புறப்பட்டவர்கள் முதலில் சோதனையிட்ட இடங்களில் ஒன்று அதுதான்.

அந்த உடலுக்குரியவர்களை எவரும் கேட்கவில்லை. தூர்னோன் நோயுற்றிருந்தார், உள்நாட்டு மறைப்பகுதிகளுக்கு அவர் போகவே இல்லை. சேசு சபையைச் சேர்ந்த பூஷே, பெர்தோல்டி என்ற இரு குருக்களிடம் விசாரித்துத் தகவல் திரட்டினார். தாலி கட்டிக்கொண்டவளுக்கு அந்தக் கயிறு என்னவாக இருந்தது, கோயில் வாசலில் தடுக்கப்பட்டவள் என்ன நினைத்தாள் என்பதற்கு இந்த வழக்கில் சாட்சியே இல்லை. ஆணை வெளியான சில நாட்களில், ஜூலையிலேயே தூர்னோன் சீனா நோக்கிக் கப்பலேறிவிட்டார்.

இருந்தாலும் இந்த ஆணையை அந்நியர் திணிப்பு என்று மட்டும் சொல்லி ஒதுக்கினால் பெண்களுக்கே அநியாயம் செய்தவர்களாவோம். தீட்டு என்று சொல்லி ஒரு பெண்ணை இறைவனிடமிருந்து தள்ளிவைக்க முடியாது என்று 320 ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தில் வைத்த ஆவணம் அது. குழந்தை மணத்தையும் அது தடுத்தது. உள்ளூர்ப் பண்பாட்டைக் காக்கிறோம் என்றவர்கள் அந்தப் பண்பாட்டுக்குள் இருந்த தீட்டையும் சேர்த்தே காத்தார்கள் என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும்.

ஆனால் ஆணை கேட்காமல் விட்ட கேள்வி பெரியது. தாலியில் எந்த உருவம் இருக்கலாம் என்று அது கேட்டது. பெண் மட்டும் ஏன் அணிய வேண்டும் என்று கேட்கவில்லை. பூப்பு விழாவை மூடநம்பிக்கை என்று விலக்கியது. ஒரு சிறுமியின் உடலை ஊருக்கு அறிவித்துக் கல்யாணச் சந்தையில் நிறுத்துவது தவறு என்பதற்காக விலக்கவில்லை. விக்கிரகம் கண்ணில் பட்டது, அதிகாரம் படவில்லை. அதனால் பிள்ளையார் இறங்கிச் சிலுவை ஏறியது. கயிறு அப்படியே இருந்தது. தடை எழுதி முந்நூறாண்டு கடந்த பின்னும் கிறித்தவ வீடுகளில் மஞ்சள் நீராட்டு நடக்கத்தான் செய்கிறது.

வழக்கு நீண்டது. 1744-இல் போப்பாண்டவர் பதினான்காம் பெனடிக்ட் இதை முடித்துவைத்துத் தீர்ப்பளித்தார். இங்கு வரும் குருக்கள் அதற்குக் கீழ்ப்படிவதாகச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. அந்தச் சத்தியம் 1940-இல்தான் நீக்கப்பட்டது. இதற்கிடையே 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் குருமார் 1715-க்குள் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். அவர்களை மறுத்து வீரமாமுனிவர் 1728-இல் 'வேத விளக்கம்' எழுதினார். 'பேதகமறுத்தல்' என்றும் ஒரு நூல் செய்தார். பேதகம் என்றால் திரிந்த போதனை. ஒருவரின் வேதம் மற்றவருக்குப் பேதகமாக இருந்தது. எழுதியவர்களும் மறுத்தவர்களும் ஆண்கள்.

கிறித்தவ வேதத்திலேயே வேறொரு முன்மாதிரி உண்டு. போதனைகளைச் சோதித்துப் பார்த்து நல்லதைப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பைப் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியபோது முழுச் சபைக்கும் கொடுத்தார். குருக்களுக்கு மட்டும் அல்ல. பெரேயா ஊரார் பவுல் சொன்னதையே வேதத்தோடு ஒப்பிட்டுத் தினமும் ஆராய்ந்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. அங்கே விசுவாசித்தவர்களில் பெண்கள் பலர் இருந்தார்கள் என்றும் அதே இடத்தில் எழுதியிருக்கிறது. சோதித்தறிவதற்கு எழுத்து வேண்டும், நேரம் வேண்டும், கேட்டால் அடக்கமில்லாதவள் என்று பெயர் வாங்காத இடம் வேண்டும். நம் பெண்களுக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டவை இந்த மூன்றும்தான்.

இன்று இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை சுவர்களில் சுகமளிக்கும் கூட்டங்களின் சுவரொட்டிகளைப் பார்க்கிறோம். கள்ளப் போதகரைக் குறித்து எச்சரிக்காத சபை இல்லை. ஆனால் அந்த எச்சரிக்கை பல நேரம் பெண்ணின் பொட்டிலும் பூவிலும் நகையிலும் வந்து முடிகிறது. குழந்தையில்லாமைக்கு அவள் பாவம் காரணம் என்பவரையும், குடித்து அடிக்கும் கணவனுக்கு அடங்கிப்போவதே ஜெபம் என்பவரையும், சீட்டுப் பணத்தைக் காணிக்கையாகப் போட்டால் கடன் தீரும் என்பவரையும் எந்த ஆணையும் பேதகம் என்று பட்டியலிடவில்லை. கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து, வீட்டில் அதன் விலையைக் கொடுக்கும் பெண்களால் அதைப் பட்டியலிட முடியும். 1704-இல் கேட்கப்படாத சாட்சிகள் அவர்கள்தான்.