தீப்பொறியும் வானொலியும்

பினாங்குத் தீவில் அருவி வீழும் மலையின் அடிவாரத்தைத் தமிழர் தண்ணீர்மலை என்று வழங்குவர். அத்தீவில் 1934-ஆம் ஆண்டு வானொலிச் சங்கத்தார் ‘இசட். எச். ஜே.’ என்னும் நிலையத்தை நிறுவி, மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் ஒலிபரப்பினர். பினாங்கு வானலையில் தமிழ் ஒலித்த அதே ஆண்டில், பாரிஸ் நகரில் பல நாட்டு வல்லுநர் கூடினர். வானொலியைக் கெடுக்கும் இரைச்சலைத் தடுக்கும் வழி காண ‘சிஸ்பர்’ என்னும் குழுவைத் தோற்றுவித்தனர். அவ்விரைச்சலுக்குரிய காரணங்களுள் ஒன்று மோட்டார் வண்டியின் தீப்பொறியாகும்.

இதில் ஒரு வியப்பு உண்டு. 1887-இல் ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் மின்பொறியைக் கொண்டே வானொலி அலைகளை எழுப்பிக் காட்டினார். ஆகவே, வானொலியை ஈன்ற பொறியே பின்னர் அதற்குப் பகையாயிற்று. பெட்ரோல் எஞ்சினில் 6 அல்லது 12 வோல்ட்டு மின்கலத்தின் அழுத்தத்தைக் காயில் பதினாயிரம் வோல்ட்டுக்கு மேல் உயர்த்துகின்றது. ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியில் பொறி தாவுங்கால், கம்பியில் தேங்கிய மின்சாரம் ஒரு நொடிக்கும் மிகச் சிறிய நேரத்தில் பாய்ந்து அலைவுறும். கம்பியே வான்கம்பியாகி அவ்வலைவைப் பரப்பும். சாலையோர வீட்டு வானொலி படபடக்கும்.

இதற்குக் கண்ட மருந்து மின்தடை. இக்காலப் பிளக்குகளுள் பலவற்றின் உள்ளே ஏறத்தாழ 5,000 ஓம் தடை பொருத்தப்படுகின்றது. தடையால் பொறி வலுவிழக்குமோ என்று பழைய வண்டி வைத்திருப்போர் ஐயுறுவர். பொறி தாவும் வரையில் தடையின் வழியே செல்லும் மின்னோட்டம் மிகக் குறைவு. ஆதலின் அழுத்தம் பெரிதும் குன்றுவதில்லை. பொறி தாவிய பின்னரே தடை தன் வேலையைச் செய்து, முதற் பாய்ச்சலை அடக்குகின்றது. அதனால் பிளக் முனையின் தேய்மானமும் குறைகின்றது.

பிரிட்டனில் எஞ்சின்களின் இவ்விரைச்சலை அடக்குதற்கு 1952-இல் விதிகள் இயற்றப்பட்டன. மலாயாச் சாலைகளில் பெரிதும் பழகிய மாரிஸ் மைனர் கார், 1948-இல் வெளிவந்து, அவ்விதிகளுக்கு முன்னும் பின்னும் செய்யப்பட்டது. அதனைப் போன்ற வண்டிக்குப் பிளக் தேர்வோர் முதலில் மரையின் அளவையும் நீளத்தையும், அடுத்து வெப்பத் தரத்தையும் கையேட்டின்படி நோக்குதல் வேண்டும். என்.ஜி.கே. பிளக்கில் எண் உயர உயர வெப்பத்தை விரைந்து கடத்தும். சாம்பியன் பிளக்கில் முறை நேர்மாறு. மைனருக்குரிய இடைவெளி 0.025 அங்குலம். அதன் பின்னரே தடையைப் பற்றி எண்ணலாம். ‘பி.பி. 6 இ.எஸ்.’ தடையற்றது, ‘பி.பி.ஆர். 6 இ.எஸ்.’ தடையுடையது, ‘ஆர்’ என்னும் எழுத்தே அடையாளம்.

பழைய பாயிண்ட் முறை எஞ்சின் தடையின்றியும் ஓடும். கம்பியிலோ பிளக் மூடியிலோ தடை முன்பே இருப்பின், பிளக்கிலும் தடை சேர்க்க வேண்டுவதில்லை. பாயிண்ட்டை நீக்கி மின்னணுக் கருவி பொருத்தினோர்க்கோ தடை இன்றியமையாதது. இன்றேல் அக்கருவியே தடுமாறக்கூடும்.

எனவே, இத்தடை எஞ்சினின் தேவைக்காகப் பிறந்ததன்று. அயல்வீட்டார் செவியின் பொருட்டுப் பிறந்தது. வண்டிக்குரியவர் இழப்பது சிறிது. வானொலி கேட்போர் பெறுவது பெரிது.