கள்ளுக்கடை

கள்ளுக்கடை என்பது பனை, தென்னை முதலிய மரங்களின் பாளையிலிருந்து இறக்கப்படும் கள்ளை விற்பதற்கும், வாங்கியவர்கள் அங்கேயே அமர்ந்து அருந்துவதற்கும் அமைந்த கடை ஆகும். பெரும்பாலான கடைகளின் உள்ளேயோ வாசலிலோ கள்ளுடன் உண்பதற்கான உணவும் விற்கப்படும். இது யாழ்ப்பாணத்தில் தவறணை என்றும், கேரளத்தில் ஷாப்பு என்றும் அழைக்கப்படுகின்றது. ஐக்கிய இராச்சியத்தில் பப் எனப்படும் ஊர் மதுக்கடைக்கு இணையாகத் தமிழர் வாழும் பகுதிகளில் இருந்துவந்த இடம் இதுவே எனலாம். தமிழ்நாட்டில் கள் விற்பனை 1987 சனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது.

பெயர்

கள் என்பது மிகப் பழைய தமிழ்ச் சொல் ஆகும். நறவு, தேறல், தோப்பி, மட்டு முதலிய சொற்களும் சங்க இலக்கியங்களில் மது வகைகளைக் குறிக்கப் பயன்பட்டுள்ளன. யாழ்ப்பாண வழக்கான தவறணை, மதுக்கடையைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லின் திரிபு ஆகும். தமிழ்நாட்டில் கள்ளை அளந்து தரும் மண்கலம் மொந்தை எனப்பட்டது. யாழ்ப்பாணத்தில் பனையோலையை மடித்துச் செய்யும் குடிகலம் பிளா எனப்படும்.

கள்ளின் இயல்பும் கடையின் இடமும்

கள்ளுக்கடை ஊர்தோறும் சிறு கடையாக அமைந்ததற்கு முதன்மையான காரணம் கள்ளின் இயல்பே ஆகும். மரமேறுபவர் பாளையைக் கட்டி, தட்டிப் பதப்படுத்தி, அதன் நுனியை நாள்தோறும் சீவுவார். அதிலிருந்து வடியும் இனிப்பான சாறு கலயத்தில் சேரும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசப்பட்டிருந்தால் சாறு புளிக்காது. அது பதநீர் ஆகும். சுண்ணாம்பு பூசாவிடில் காற்றிலும் கலயத்திலும் உள்ள நொதிமங்களும் பாக்டீரியாக்களும் சாற்றிலுள்ள சர்க்கரையை உடனே நொதிக்கச் செய்யும். மரத்தின் உச்சியிலேயே தொடங்கும் இந்நொதித்தல் சில மணி நேரத்தில் சாற்றைக் கள்ளாக்கிவிடும். கள்ளின் சாராய அளவு பொதுவாக 4 முதல் 6 விழுக்காடு வரை இருக்கும். இது ஏறத்தாழ பீரின் அளவு ஆகும்.

நொதித்தல் அத்துடன் நிற்பதில்லை. ஒரு நாள் கடந்தால் அசற்றிக் அமிலம் மிகுந்து கள் காடியாக மாறத் தொடங்கும். எனவே காலையில் இறக்கிய கள்ளை அன்றே விற்றாக வேண்டும். தொலைவிலுள்ள ஆலையில் செய்து, கிடங்கில் அடுக்கி, மாதக்கணக்கில் வைத்திருந்து விற்க இயலாது. மரம், மரமேறுபவர், கடை, அருந்துபவர் ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று அருகில் இருக்க வேண்டிய தேவை இதனால் ஏற்பட்டது.

இங்கிலாந்தின் வரலாற்றிலும் இதனையொத்த நிலையைக் காணலாம். அங்கு முற்காலத்தில் முளைகட்டிய வாற்கோதுமையிலிருந்து காய்ச்சப்பட்ட ஏல் எனும் மது சில நாட்களில் கெட்டுவிடும். ஆகையால் அது விற்கும் வீட்டிலேயே காய்ச்சப்பட்டது. ஹாப் எனும் கொடியின் கசப்பான பூக்களைச் சேர்க்கும் முறை 15ஆம் நூற்றாண்டில் அங்கு பரவிய பின்னரே நீண்ட நாள் கெடாத பீர் உருவாகி, காய்ச்சும் இடமும் குடிக்கும் இடமும் பிரியலாயின. கள்ளுக்கு இத்தகைய பிரிவு பெருமளவில் நிகழவில்லை.

சங்க இலக்கியத்தில்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்தின் மதுக்கடை ஒன்று காட்டப்படுகின்றது. பலரும் சென்று நுழையும் அந்த மனையின் முற்றத்தில் மணல் பரப்பி மலர் தூவப்பட்டிருக்கும். மீனும் இறைச்சியும் பொரியும் ஓசை கேட்கும். மது விற்பதை அறிவிக்கும் கொடி வாயிலில் பறக்கும். உணவும் மதுவும் ஒருங்கே கிடைக்கும் பொது இடம் என்ற கருத்து தமிழகத்திற்குப் புதிதன்று என்பதற்கு இது சான்றாகும்.

இதே புலவர் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை தொண்டை நாட்டைக் களமாகக் கொண்டது. இன்றைய பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் ஆகியவை அடங்கிய நிலப்பகுதி பழைய தொண்டை நாட்டைச் சேர்ந்ததே ஆகும். வலையர் குடியிருப்பில் பாணருக்குக் கிடைக்கும் விருந்து ஒன்றை இந்நூல் செய்முறையுடன் கூறுகின்றது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்து, வாயகன்ற தட்டில் ஆற்றி, நல்லடை எனப்படும் முளைப்பொடியைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து முதிரவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்து, சுட்ட மீனுடன் தருவர். முளைத்த தானியத்தைக் கொண்டு நொதிக்கச் செய்வதால் இது கள்ளைவிடப் பீருக்கு நெருங்கியது எனக் கொள்ளலாம்.

புறநானூற்றின் 235ஆம் பாடலில், அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார், கள் சிறிதளவே இருந்தால் அதனைத் தமக்கே அவன் தந்துவிடுவான் என்று நினைந்து வருந்துகின்றார். கள் இங்கு நட்பின் அடையாளமாக நிற்கின்றது. மறுபுறம், திருக்குறளின் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை ஆகும். கள்ளைப் பற்றிய இவ்விரு பார்வைகளும் தமிழ் மரபில் தொடர்ந்து இருந்துவந்துள்ளன.

உணவு

கள் இனிப்பும் புளிப்பும் கலந்த சுவை உடையது. ஆதலால் உப்பும் காரமும் மிகுந்த உணவு அதனுடன் விரும்பி உண்ணப்படுகின்றது. தமிழ்நாட்டுக் கள்ளுக்கடைகளின் அருகில் சுண்டல், அவித்த மொச்சை, அவித்த முட்டை, பொரித்த மீன், சுட்ட கருவாடு, நண்டு, ஆட்டுக்குடல் கறி முதலியன விற்கப்பட்டன. விலை குறைந்த மீன், குடல், இரத்தம் போன்றவற்றைச் சுவைபடச் சமைப்பது இக்கடைகளின் சிறப்பாகும்.

கேரளத்தில் இவ்வுணவு தனியொரு சமையல் வகையாகவே வளர்ந்துள்ளது. அவித்த மரவள்ளிக் கிழங்கு, குடம்புளி சேர்த்த மீன் குழம்பு, கரிமீன் வறுவல், வாத்து இறைச்சி, மாட்டிறைச்சி வறுவல் ஆகியவை இதில் முக்கியமானவை. கள்ளை அருந்தாதவர்களும் உணவுக்காகவே குடும்பத்துடன் செல்லும் கடைகள் அங்கு உள்ளன. குட்டநாட்டிலும் கோட்டயம், எர்ணாகுளம் ஆகிய பகுதிகளிலும் உள்ள சில கடைகள் இதற்குப் பெயர் பெற்றவை.

உணவுடன் அருந்தும்போது சாராயம் குருதியில் கலக்கும் வேகம் குறைகின்றது. ஆனால் அருந்திய மொத்த அளவு உடலுக்கு இழைக்கும் தீங்கு இதனால் நீங்குவதில்லை.

ஈர்ப்புக்கான காரணங்கள்

கள்ளுக்கடை மக்களை ஈர்த்ததற்குப் பின்வருவன காரணங்களாகக் கூறப்படுகின்றன.

- அண்மை: கடை வீட்டிலிருந்தோ வேலை செய்யும் இடத்திலிருந்தோ நடந்து செல்லும் தொலைவில் இருந்தது.
- அறிமுகம்: கள் இறக்குபவரும் விற்பவரும் அருந்துபவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர். கலப்படம் செய்தவர் அடுத்த நாளும் அதே முகங்களைப் பார்க்க வேண்டியிருந்தது.
- விலை: கள் மலிவானது, காய்ச்சி வடிக்கப்படாததால் போதையும் சாராயத்தைவிடக் குறைவு.
- பேச்சு: வேலை, கூலி, மழை, வழக்கு, தேர்தல் ஆகியவற்றைப் பற்றி உட்கார்ந்து பேசுவதற்கு உழைக்கும் ஆண்களுக்கு வேறு இடம் அரிதாகவே இருந்தது.
- பருவம்: பனங்கள் ஆண்டின் சில மாதங்களில் மட்டுமே கிடைக்கும். அப்பருவத்தை எதிர்பார்த்திருப்பதும் ஈர்ப்பின் ஒரு பகுதி ஆகும்.

எனினும் இந்த இடம் அனைவருக்கும் பொதுவானதாக இருக்கவில்லை. பெண்கள் பெரும்பாலும் கடையின் வெளியே உணவு விற்பவர்களாகவே இருந்தனர். மரமேறும் தொழில் செய்த சாதியினர் சமூகத்தில் தாழ்வாக நடத்தப்பட்டனர். அவர்கள் இறக்கிய கள்ளை விரும்பி அருந்தியவர்களும் அவர்களைச் சமமாக நடத்தினர் எனக் கூற இயலாது.

தீமைகளும் எதிர்ப்பும்

கடையை ஈர்ப்புடையதாக்கிய அண்மையே அதன் தீமைக்கும் காரணமாயிற்று. கூலி பெறும் இடத்திற்கும் வீட்டிற்கும் இடையில் கடை இருந்ததால், கூலியின் ஒரு பகுதி வீடு வந்து சேரவில்லை. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டத்தின் கீழ் கடை நடத்தும் உரிமை ஏலம் விடப்பட்டது. ஏலத்தொகையை ஈடுசெய்யக் குத்தகைதாரர் விற்பனையைப் பெருக்க வேண்டியிருந்தது. அரசுக்கோ மது வரி முக்கிய வருவாயாக இருந்தது.

ஒத்துழையாமை இயக்கத்தின்போது 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடைபெற்றது. ஈ. வெ. இராமசாமியின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் இதில் முன்னின்றனர். இராமசாமி சேலத்தை அடுத்த தாதம்பட்டியில் தமக்கிருந்த தோப்பில் 500க்கும் மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டச் செய்தார்.

மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளரின் குடியிருப்புகளை ஒட்டியே கள்ளுக்கடைகள் நடத்தப்பட்டன. 1941இல் கிள்ளான் பகுதியில் நடைபெற்ற தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில், ஊதிய உயர்வுடன் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது.

தமிழ்நாட்டில் மதுவிலக்கு

- 1937: சி. இராசகோபாலாச்சாரி தலைமையிலான அரசு அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தியது.
- 1939: மது வருவாய் இழப்பை ஈடுசெய்யும் வகையில் பொது விற்பனை வரி அறிமுகமானது.
- 1948: மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது.
- 1971: மு. கருணாநிதி தலைமையிலான அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. கைவிட வேண்டாம் என இராசகோபாலாச்சாரி நேரில் சென்று கேட்டுக்கொண்டார். கள், சாராயக் கடைகள் திறக்கப்பட்டன.
- 1973-1974: கடைகள் மீண்டும் மூடப்பட்டன.
- 1981: ம. கோ. இராமச்சந்திரன் தலைமையிலான அரசு கள், சாராயக் கடைகளை மீண்டும் திறந்தது.
- 1983: தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் (டாஸ்மாக்) தொடங்கப்பட்டது.
- 1987: சனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன. ஆலைகளில் தயாராகும் மது வகைகளின் விற்பனை தொடர்ந்தது.
- 2003: மதுவின் சில்லறை விற்பனை முழுவதையும் டாஸ்மாக் ஏற்றது.

இவ்வரிசையில் ஒரு மாற்றத்தைக் கவனிக்கலாம். 1948இல் அனைத்து மதுவும் விலக்கப்பட்டது. 1987க்குப் பின்னரோ, உள்ளூரில் கிடைத்த மென்மையான மது விலக்கப்பட்டு, தொலைவிலிருந்து புட்டியில் வரும் கடுமையான மது அனுமதிக்கப்பட்டது. மதுப்பழக்கம் இதனால் நிற்கவில்லை. அமர்ந்து அருந்தும் இடத்தின் தன்மையே மாறியது. டாஸ்மாக் கடையில் கம்பித் தடுப்பின் வழியாகப் புட்டி வாங்கப்படுகின்றது. அதனை ஒட்டிய மதுக்கூடத்தில் உணவு விற்கும் உரிமை ஒப்பந்தப்புள்ளி மூலம் தனியாருக்குத் தரப்பட்டது.

சென்னையின் மேற்குப் புறநகர்

ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் நிறுவப்பட்டது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் உருவானது. இத்தொழிற்சாலைகளில் பணிபுரியப் பல மாவட்டங்களிலிருந்தும் மக்கள் வந்து குடியேறினர். இவ்வூர்கள் நகரங்களாக வளர்ந்த அக்காலம் முழு மதுவிலக்குக் காலம் ஆகும். இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் ஆலைத் தெருவின் முனையில் பப் ஒன்று தலைமுறைகளாக நிலைத்திருப்பது போல, இங்கு தொழிலாளர் குடியிருப்புடன் சேர்ந்து வளர்ந்த பழமையான மதுக்கடை எதுவும் உருவாக வாய்ப்பில்லாமல் போயிற்று. வேலை முடிந்து கூடிப் பேசும் இடமாகத் தேநீர்க் கடைகளே அமைந்தன.

பிற இடங்களில்

கேரளத்தில் 1996 ஏப்ரல் 1 முதல் சாராயம் தடை செய்யப்பட்டது; ஆனால் கள் தடை செய்யப்படவில்லை. தமிழ்நாட்டின் கொள்கையும் அண்டை மாநிலத்தின் கொள்கையும் இவ்வகையில் வேறுபட்டன. அங்கு கள் இறக்கும் தொழிலாளர்களுக்கு 1969ஆம் ஆண்டின் சட்டத்தின்படி நலநிதியும் உள்ளது.

யாழ்ப்பாணத்தில் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் தொழிலாளரிடமிருந்து கள்ளைப் பெற்றுத் தவறணைகள் மூலம் விற்கின்றன. பனை அபிவிருத்திச் சபை 1978இல் அமைக்கப்பட்டது. சூடாக்கி நொதித்தலை நிறுத்திய கள் புட்டிகளில் அடைக்கப்பட்டு வெளிநாடுகளுக்கும் அனுப்பப்படுகின்றது.

தற்கால விவாதம்

கள்ளுக்கான தடையை நீக்க வேண்டும் என்று தமிழ்நாட்டு உழவர் அமைப்புகள் கோரி வந்துள்ளன. கள் உணவின் ஒரு பகுதி என்பதும், பனை 1978 முதல் மாநில மரமாக இருந்தும் அதனை நம்பி வாழ்வோர் தொழிலிழந்தனர் என்பதும் அவர்களின் வாதங்கள் ஆகும். 2024 சூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் இறந்தபோது இவ்விவாதம் மீண்டும் எழுந்தது.

போதையைக் கூட்டக் குளோரல் ஐதரேட்டு போன்ற நச்சுப் பொருள்கள் கள்ளில் கலக்கப்பட்டமையைத் தடையை ஆதரிப்போர் சுட்டிக்காட்டுகின்றனர். மரங்கள் தரும் அளவைவிட மிகுதியாகக் கள் விற்கப்படும் இடத்தில் கலப்படம் நிகழ்வது உறுதி என்பதால், கடைகளின் எண்ணிக்கை மரங்களின் எண்ணிக்கையை மீறும்போது இச்சிக்கல் தோன்றுகின்றது. பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார அமைப்பு 2023இல் கூறியுள்ளது.

எனவே கள்ளுக்கடை பற்றிய கேள்வி, கள் நல்லதா தீயதா என்பதுடன் முடிவதில்லை. தன் மரத்தின் அளவுக்கு விற்று, உணவு தந்து, அறிந்த முகங்களுக்குப் பொறுப்பேற்கும் சிறு கடையாக அது இருக்க இயலுமா என்பதும், அக்கடையின் செலவை வீட்டிலிருக்கும் பெண்களும் குழந்தைகளும் சுமக்காதிருக்க என்ன ஏற்பாடு என்பதும் அதில் அடங்கும்.

இவற்றையும் பார்க்க

- பனை
- பதநீர்
- பட்டினப்பாலை
- பெரும்பாணாற்றுப்படை
- மதுவிலக்கு